காட்டில் ஓர் இரவு: யாருடைய நிலத்தில், யாருடைய பொறுப்பில்?

2021 ஜனவரி 19 அன்று, மசினகுடிப் பகுதியில் காயத்தோடு சுற்றிக்கொண்டிருந்த ஓர் ஆண் யானை, சிகிச்சைக்காகத் தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் இறந்தது. அதன் காது கருகியிருந்தது. தங்கும் விடுதி ஒன்றின் அருகே வந்த அந்த யானையின் மீது எரியும் டயர் வீசப்பட்டதையும், தலையில் தீயோடு அது பிளிறிக்கொண்டு ஓடியதையும் சில நாட்களில் வெளியான காணொளி நாட்டுக்குக் காட்டியது. அதே வாரம், ஜனவரி 23 இரவு, வயநாட்டின் மேப்பாடியில் தனியார் விடுதியொன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது.

இந்த இரண்டு சாவுகளையும் அன்று தனித்தனிச் செய்திகளாகவே படித்தோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். காட்டில் ஓர் இரவு தங்க வேண்டும் என்ற ஆசை கடந்த இருபது ஆண்டுகளில் பல மடங்கு பெருகிவிட்டது. அந்த ஆசைக்கு அரசு முறையான இடத்தைப் போதிய அளவில் ஒதுக்கவில்லை. ஆகவே, காட்டின் விளிம்பில் நிலம் வைத்திருந்தவர்கள் தங்களுக்குத் தோன்றிய இடத்தில் ஒதுக்கிக்கொடுத்தார்கள்.

ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். பகலில் ஜீப்பில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு இறங்குபவருக்குக் காடு ஒரு காட்சி மட்டுமே. புலியைப் பார்த்தால் மகிழ்ச்சி, பார்க்காவிட்டால் ஏமாற்றம். இரவு தங்குபவருக்குத்தான் கடமானின் எச்சரிக்கைக் குரலுக்கும் புள்ளிமானின் குரலுக்கும் உள்ள வித்தியாசம் காதில் விழுகிறது. இருட்டு என்றால் என்ன என்பது புரிகிறது. காடு தனக்காகக் காத்திருக்கவில்லை என்பது உறைக்கிறது. அப்படி ஓர் இரவைக் கழித்த கல்லூரி மாணவர், நாளை அந்தக் காட்டின் குறுக்கே சாலை போடும் திட்டம் வரும்போது கேள்வி கேட்கக்கூடும். அவரைக் காட்டிலிருந்து முழுவதுமாக விலக்கிவைப்பது காட்டுக்கே நட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயங்களுக்குள் நுழைய அனுமதி தரக்கூடிய காரணங்களில் சுற்றுலாவையும் சேர்த்தே சொல்கிறது. 2006-இல் வந்த திருத்தம் புலிகள் காப்பகங்களை உள்மண்டலம், வெளிமண்டலம் என்று பிரித்தது. 2012 ஜூலையில் உள்மண்டலச் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறைகள் வந்த பிறகு தடை விலகியது. உள்மண்டலத்தில் அதிகபட்சம் 20 விழுக்காட்டுப் பரப்பில் மட்டுமே சுற்றுலா என்பது அந்த நெறிமுறைகளின் சாரம். புலிக்கு இது தேவையான பாதுகாப்பு. இதில் தளர்வு கூடாது.

ஆனால், உள்ளே கதவு சாத்தப்பட்ட அளவுக்கு வெளியே ஒழுங்கு வரவில்லை. சீகூர் பீடபூமியைப் பாருங்கள். முதுமலைக்கும் நீலகிரி மலைச்சரிவுக்கும் இடையே யானைகள் நடந்துபோகும் அந்தக் குறுகிய நிலத்தை 2010-இல் தமிழ்நாடு அரசு வழித்தடமாக அறிவித்தது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 14 அன்று இறுதித் தீர்ப்பும் யானைகளின் பக்கமே வந்தது. மேலே சொன்ன யானை இறந்தது அந்தத் தீர்ப்புக்கு மூன்று மாதம் கழித்து என்பதை மறந்துவிடக் கூடாது.

கட்டடத்துக்கு வரைபட ஒப்புதல் வேண்டும், மலையிடப் பாதுகாப்பு விதிகள் உண்டு, அளந்து பார்க்கலாம், சீல் வைக்கலாம். கூடாரத்தையோ, ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் சுருட்டி வைத்துவிடலாம். டென்ட் ஸ்டே என்ற தொழில் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம். கூடாரம் லேசானது என்று நாம் நம்பிவிடுகிறோம். பத்துக் கூடாரம் போட்டால் கழிப்பறை வேண்டும், சமையலறை வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும், வண்டி வந்து திரும்ப இடம் வேண்டும். இரவானால் கேம்ப் ஃபயர், ஒலிபெருக்கி. இத்தனையும் யானை தண்ணீருக்கு இறங்கும் பாதையில் அமைந்தால், யானையின் கண்ணில் அது ஊர்தான்.

இந்தச் சிக்கலை நமக்கு முன்பே சந்தித்தவர்கள் அமெரிக்கர்கள். தேசியப் பூங்கா என்ற ஏற்பாடே அங்கு பிறந்ததுதான். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் 1913-இல் மோட்டார் கார்களை அனுமதித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மரத்தடி தோறும் கார், கார் தோறும் கூடாரம் என்றானது. காட்டிலேயே விறகு பொறுக்கி, கிடைத்த இடத்தில் அடுப்பு மூட்டினார்கள். மரங்கள் நலிந்தன, காரணம் முதலில் யாருக்கும் புலப்படவில்லை.

மெய்னெக் என்ற தாவர நோயியல் அறிஞர்தான் அதைக் கண்டறிந்தார். அவர் கண்ட காரணம் நோய்க்கிருமி அல்ல. மனிதக் கால்களும் கார்ச் சக்கரங்களும் மிதித்து மிதித்து மண் இறுகிவிட்டது. இறுகிய மண்ணில் நீரும் காற்றும் இறங்காது. வேர் மூச்சுமுட்டிச் சாகும். 1932-இல் அவர் எழுதிய முகாம்தளக் கொள்கை எளிமையானது. ஒருவழிப் பாதையை வளையமாகப் போடு. ஒவ்வொரு காருக்கும் பாதையோரம் ஒரு நிறுத்தம் ஒதுக்கு. அதைத் தாண்டி வண்டி நகர முடியாதபடி பாறையும் மரத்துண்டும் வை. மேசையையும் அடுப்பையும் ஓரிடத்தில் நிலையாகப் பதி. சிறு பரப்பு தேயட்டும், மீதிக் காடு தப்பட்டும். உலகின் பல நாடுகளில் இன்று காணும் முகாம்தளங்கள் இந்த யோசனையின் வாரிசுகள். தங்குபவரின் நல்லெண்ணத்தை நம்பாமல், தவறு செய்ய இடம் தராத அமைப்பை அவர் உருவாக்கினார். நமது வனத் துறை பலகைகளில் ‘குப்பை போடாதீர்கள்’, ‘சத்தம் எழுப்பாதீர்கள்’ என்று எழுதிவைத்துவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கிறது. பலகையால் காடு பிழைத்ததாக எந்த ஊரிலும் கதை இல்லை.

உணவு விஷயத்தில் அவர்கள் கற்ற பாடம் இன்னும் கசப்பானது. யெல்லோஸ்டோன், யோசெமிட்டி பூங்காக்களில் ஒரு காலத்தில் விடுதிக் கழிவைக் கொட்டி, கரடிகள் தின்பதைப் பார்வையாளர்களுக்குக் கேளிக்கையாகக் காட்டினார்கள். கரடி மனித உணவுக்குப் பழகியது. 1967 ஆகஸ்ட் 13-ஆம் தேதி பின்னிரவில், கிளேசியர் தேசியப் பூங்காவில் வெவ்வேறு இரண்டு இடங்களில் கூடாரமின்றி உறங்கிக்கொண்டிருந்த 19 வயதுப் பெண்கள் இருவரைக் கிரிஸ்லி கரடிகள் கொன்றன. குப்பைக்குப் பழகிய கரடிகளைப் பற்றிய அமெரிக்காவின் பார்வையை அந்த ஒரே இரவு மாற்றியது. மாற்றம் முழுமை பெறப் பல ஆண்டுகள் ஆயின. 1998-இல்கூட யோசெமிட்டியில் கரடிகள் கார்களை உடைத்த, உணவைப் பறித்த நிகழ்வுகள் 1,500-ஐத் தாண்டின. அதன் பின்னரே இரும்புப் பெட்டிகளும் அபராதமும் இரவு ரோந்தும் தீவிரமாயின. இன்று ஒவ்வொரு கூடாரத் திடலிலும் கரடி திறக்க முடியாத பழுப்புநிற இரும்புப் பெட்டி இருக்கிறது. சோறு மட்டுமல்ல, பற்பசையும் சோப்பும்கூட அதற்குள்தான் இருக்க வேண்டும். நிகழ்வுகள் மிகப் பெரிய அளவில் குறைந்துவிட்டன.

நம் காட்டிலும் கதை இதேதான். உப்பு, அரிசி, பலாப்பழம், வாழைத்தார் என்று வாசனை வரும் திசையை யானை மறப்பதில்லை. சுவரை இடித்து அரிசி எடுக்கத் தெரிந்த யானைக்குத் துணிக் கூடாரம் ஒரு தடையா? விடுதிக்கு வந்தவர்கள் யானையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக உப்பும் தீவனமும் வைப்பதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்துகொண்டேதான் இருக்கின்றன. அதைச் செய்பவர்கள் அன்று கரடிக்குக் குப்பை கொட்டியவர்களின் இடத்தில் நிற்கிறார்கள்.

சொகுசு பற்றியும் யோசெமிட்டி ஒன்றைச் சொல்கிறது. குளிர் தெரியாமல் இருக்க இரட்டைச் சுவர் வைத்து அங்கே உயர்தரக் கூடாரங்கள் போட்டார்கள். இரண்டு சுவர்களுக்கும் இடையில் காட்டெலிகள் குடியேறின. 2012-இல் பூங்காவில் தங்கிய பத்துப் பேருக்கு ஹாண்டா வைரஸ் தொற்று, மூவர் இறந்தார்கள். அந்தக் கூடாரங்கள் பிறகு அகற்றப்பட்டன. 1997 ஜனவரியில் மெர்செட் ஆற்று வெள்ளம் ஆற்றங்கரை முகாம்தளங்களை அடித்துச் சென்றபோது, அவற்றில் இரண்டை மீண்டும் கட்டாமல் ஆற்றுக்கே விட்டுவிட்டார்கள். கூடாரத்துக்கான தேவை அப்போதும் மலைபோல் இருந்தது. தேவை இருக்கிறது என்பதற்காக இடத்தைப் பெருக்காத அந்த மனவலிமை நம் சுற்றுலாத் துறைக்கு வர வேண்டும்.

ஆனால், யோசெமிட்டியிடமிருந்து எடுத்துக்கொள்ளவே கூடாத ஒன்றும் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கு அவானீச்சி பழங்குடியினரின் வீடு. அவர்களைப் படிப்படியாக வெளியேற்றிவிட்டுத்தான் அது ‘மனிதத் தடமற்ற காடு’ ஆக்கப்பட்டது. கடைசியாக எஞ்சிய குடியிருப்பும் 1969-இல் தரைமட்டமானது. இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், காடர், மலசர் வாழும் நம் காடுகளில் முகாம்தளம் என்று ஒன்று வந்தால், அது அவர்கள் பொறுப்பிலும் அவர்கள் வருமானத்துக்காகவும் வர வேண்டும்.

அதற்கு வழிகாட்ட கலிஃபோர்னியா வரை போக வேண்டியதில்லை. கம்பத்திலிருந்து மலையேறினால் தேக்கடி. பெரியாறு காப்பகத்தில் காட்டுப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களை, 1998-இல் கேரள வனத் துறை ஒரு குழுவாகச் சேர்த்தது. அவர்கள் மீதிருந்த வழக்குகள் ஒருபுறம். எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் யானை நிற்கும் என்ற அறிவு மறுபுறம். அந்த அறிவே பிழைப்பானது. ‘டைகர் டிரெயில்’ என்ற பெயரில் விருந்தினர் சிலரை மட்டும் காட்டுக்குள் அழைத்துப்போய், கூடாரத்தில் தங்கவைத்து, தாங்களே சமைத்துப்போட்டு, ஆயுதம் தாங்கிய வனக் காவலருடன் திரும்ப அழைத்துவருகிறார்கள். இரவு முழுதும் முறைவைத்து விழித்திருப்பவர்களும் அவர்களே. சுற்றுலாவுக்காக நடக்கும் அதே நடை, காட்டுக்கு ரோந்தாகவும் ஆகிவிடுகிறது. பரம்பிக்குளத்திலும் ஏறத்தாழ இந்த ஏற்பாடுதான். அங்கு போகும் சாலை நம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் செல்கிறது. அதாவது, தமிழ்நாட்டைக் கடந்து போய்த்தான் ஒரு தமிழர் காட்டில் முறையாக ஓர் இரவு கூடாரத்தில் தங்குகிறார்.

தமிழ்நாடு தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2018 மார்ச் 11, குரங்கணி. போடி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். அந்த நினைவு எந்த அதிகாரியையும் விட்டு அகலாது; அகலவும் கூடாது. அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் ‘தமிழ்நாடு மலையேற்றத் திட்டம்’ தொடங்கியது. இணையவழிப் பதிவு, பயிற்சி பெற்ற பழங்குடி வழிகாட்டிகள், தீக் காலத்தில் மூடல் என்று அது நல்ல திசையில் நடக்கிறது. பெரும்பாலும் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடும் நடைகள் அவை. அடுத்த அடி, இதே கட்டுப்பாட்டோடு சில இரவுத் திடல்கள்.

உள்மண்டலத்தில் ஒன்றுகூட வேண்டாம். யானை வழித்தடத்திலும் வேண்டாம். வெளிமண்டலத்திலோ காப்புக்காட்டின் ஓரத்திலோ, ஏற்கெனவே வனத் துறைக் கட்டடமும் கிணறும் உள்ள இடத்தில், சுற்றிலும் அகழி வெட்டி, பத்துக்கு மேற்படாத மேடைகள் போதும். சிமென்ட் கூடாது. வண்டி வெளியே நிற்க வேண்டும். கேம்ப் ஃபயர் முழுத்தடை; இதில் அமெரிக்காவைப் பின்பற்ற வேண்டாம், நம் இலையுதிர் காடு கோடையில் பற்றிக்கொள்ளும் வேகம் வேறு. உணவு பூட்டிய பொது அறையில் இருக்கட்டும். பிப்ரவரி முதல் மழை வரும்வரை மூடிவிடலாம். வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிராம சபை சம்மதித்த இடத்தில் மட்டும் திறக்கலாம். கட்டணம் ஒரு மாணவரால் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். யோசெமிட்டியில் கோடைகால இடங்கள் பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றன. நாம் குலுக்கல் முறையைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். வன ஓய்வு விடுதிகளில் இன்றுவரை வேலைசெய்யும் சிபாரிசுக் கடிதம் இங்கே எடுபடக் கூடாது.

மனிதன் இரவில் காட்டில் தங்கவே கூடாது என்று சொல்லும் இயற்கை ஆர்வலர்களை மதிக்கிறேன். ஆனால், விளிம்பில் ஒவ்வொரு வார இறுதியும் மனிதர்கள் தங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், கணக்கில்லாமல், கண்காணிப்பில்லாமல். இன்னொரு அபாயமும் வாசலில் நிற்கிறது. 2023-இல் திருத்தப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டம், செயல்திட்டத்தில் இடம்பெறும் ‘சூழல் சுற்றுலா வசதி’களை வனமல்லாத பயன்பாடு என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. அந்தச் சொல்லுக்குக் கண்ணாடிக் குடிலும் நீச்சல்குளமும் பொருளாகிவிடும் முன், பத்து மேடையும் ஓர் அகழியும்தான் அதன் பொருள் என்று தமிழ்நாடு அரசு விதி எழுதிவிட வேண்டும். கூடவே, அனுமதியற்ற டென்ட் ஸ்டேக்களின் மாவட்டவாரிக் கணக்கெடுப்பும் வேண்டும்.

அதுவரை, காட்டோரம் கூடாரம் பதிவு செய்பவர்கள் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த நிலம் யாருடையது, அனுமதி யார் தந்தது, யானை நடக்கும் பாதை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. பதில் சொல்லத் தயங்குகிற இடத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.