எண்பதுகள் என்றால் நாற்பது பாட்டுதானா?

காலையில் டீக்கடை திறக்கும்போது ரேடியோவில் ‘மூன்றாம் பிறை’ தாலாட்டு. தேயிலைக் கொழுந்து எடை போட்டுவிட்டு வருகிறவர்களுக்கும் அதே தாலாட்டு. சாயங்காலம் நிலம்பூர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் அதுதான். பாட்டைக் குறை சொல்லவில்லை. கண்ணதாசன் கடைசியாக எழுதியது. படமும் எங்கள் நீலகிரியில் எடுத்தது. அதற்காக ஒரே நாளில் மூன்று தடவையா?

கைப்பேசியில் ‘எண்பதுகளின் பாட்டு மட்டுமே’ என்று ஒரு வானொலி கிடைத்தபோது எங்கள் நாடுகாணி முக்கில் எத்தனை பேருக்குச் சந்தோஷம்! ஒரு வாரத்தில் சாயம் வெளுத்துவிட்டது. அடுத்து என்ன பாட்டு வரும் என்று சின்னப் பையன்கூடச் சொல்கிறான்.

பத்து வருஷம் ஐயா எண்பதுகள்! இளையராஜா மட்டுமே சில ஆண்டுகளில் நாற்பது படங்களுக்கு மேல் இசையமைத்தார். அவர் பாட்டிலேயே முக்கால்வாசி இந்த வானொலிக்காரர்களுக்கு வேண்டாம். மற்றவர்கள் கதி இன்னும் மோசம். ‘அச்சமில்லை அச்சமில்லை’க்கு (1984) வி.எஸ். நரசிம்மன் போட்ட மெட்டுகள் எங்கே? ‘வேதம் புதிது’ (1987) தேவேந்திரன் எங்கே? ‘ஏழாவது மனிதன்’ படத்தில் பாரதியார் பாட்டுகளுக்கு எல். வைத்தியநாதன் இசையமைத்தாரே, அதை ஒரு நாளாவது போட்டதுண்டா? சங்கர்-கணேஷ், சந்திரபோஸ், மனோஜ்-கியான் எல்லோரும் அந்தப் பத்து வருஷத்தில்தானே இருந்தார்கள்? வாணி ஜெயராம் குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று!

தெரிந்த பாட்டு ஓடினால் யாரும் நிலையத்தை மாற்ற மாட்டார்கள் என்பது இவர்கள் கணக்கு. அதனால் எல்லோருக்கும் தெரிந்ததாகக் கொஞ்சம் பொறுக்கிக் கணினியில் ஏற்றிவிடுகிறார்கள். அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. பஸ்ஸில் அரை மணி நேரம் கேட்கிறவருக்கு அந்தக் கணக்கு சரி. நாள் முழுக்க ரேடியோவை ஓடவிட்டு வேலை பார்க்கிறவர்களை யாரும் நினைக்கவே இல்லை.

யாரிடம் இந்த வேலையைக் காட்டுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இங்கே டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் பல குடும்பங்கள் 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்தவை. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த காதுகள். பி.எச். அப்துல் ஹமீதும் கே.எஸ். ராஜாவும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று பெயர் சொல்லிப் பாட்டைப் போட்டவர்கள். ஓடாத படத்தின் பாட்டுக்கும் அங்கே இடம் இருந்தது. இப்போதுள்ள நிலையங்களில் அறிவிப்பாளர் சிரிக்கிறார், விளம்பரம் வருகிறது. பாடியது யார் என்று சொல்ல மட்டும் நேரமில்லை.

பழைய பட்டியலையே வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரே ஒரு மணி நேரம், அந்த மாதத்தில் ஒருமுறைகூடப் போடாத பாட்டுகளைப் பெயர் சொல்லிப் போடுங்கள். இசைத்தட்டு தேடி அலைய வேண்டிய காலம் இல்லையே இது!