சீலோவாம் கோபுரமும் தேவனாம்பட்டினமும்

வரலாற்று நிகழ்ச்சிகளில் இறைவன் கற்பிக்கும் பாடத்தைத் தேடுவது நம் திருமறையின் தொன்மரபு. ஆனால் நம் மேடைகளில் அப்பாடம் எப்போதும் பிறருக்கே எழுதப்படுகிறது. சொல்பவர் மட்டும் தேர்வெழுதாமல் நழுவிவிடுகிறார். இதைக் கண்டித்தே ஆகவேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா. அன்று காலை கடலூரின் தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு ஆகிய மீனவக் குடியிருப்புகளைப் பேரலை வாரிச் சென்றது. மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்லறை மண்ணின் ஈரம் உலருமுன்னே, 'பாவத்தின் தண்டனை' என்று முழங்கிய போதகர்கள் உண்டு. வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் நீர் புகவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, புதுமை என மகிழ்ந்த நம்மவரும் உண்டு. முன்னவரைச் சாடுவது எளிது. பின்னவரிடம் ஒன்று கேட்கிறேன்: அதே காலையில் அதே ஊர்க் கடற்கரையில் மாண்ட திருப்பயணிகள் யாரை நாடி வந்தவர்கள்? ஆலயம் தப்பியதற்கு நன்றி கூறலாம், தடையில்லை. ஆனால் அதையே விசுவாசத்தின் சான்றாக்கும்போது, 'உங்கள் வீட்டார் செபம் கேட்கப்படவில்லை' என்று இறந்தோரின் உறவினரிடம் சொல்லாமல் சொல்கிறோம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அன்றும் திருக்குடும்பத் திருவிழாவே! இதில் மறைபொருள் காண எவருக்கேனும் நா அரித்தால், முதலில் திருவழிபாட்டு நாள்காட்டியைப் புரட்டட்டும். கிறிஸ்து பிறப்பு விழா ஞாயிறன்று வந்தால், திருக்குடும்ப விழா 30ஆம் நாளில் வரும். அவ்வளவே.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிலாத்து செய்த கொலையைச் சிலர் வந்து சொன்னபோது, சீலோவாம் கோபுரம் சரிந்து 18 பேர் மாண்டதை ஆண்டவரே நினைவூட்டுகிறார். மாண்டவர்கள் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் என்ற எண்ணத்தை வெளிப்படையாக மறுக்கிறார். பிறகே எதிரில் நின்றவர்களை மனம் மாறச் சொல்கிறார். நம் போதகர்களோ இறுதி எச்சரிக்கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னுள்ள மறுப்பை விழுங்கிவிடுகிறார்கள். அந்தப் பாடம் உயிரோடு எஞ்சியவர்களுக்கானது.

எஞ்சிய நாம் கற்றது என்ன? சுமத்ரா அருகே நிலம் நடுங்கியபோது நம் நாட்டில் காலை ஆறரை மணி. அலை நம் கரையை எட்ட ஏறத்தாழ இரண்டு மணி நேரமாயிற்று. அதற்குள் கரையோர மக்களுக்கு ஓர் எச்சரிக்கைச் சொல்லும் வந்து சேரவில்லை. அரிதாக வரும் ஆபத்து என்பதால் ஏற்பாடே இருக்கவில்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007இல்தான் அமைந்தது. கடவுளின் சினத்தை அளந்து சொன்னவர்கள் இந்த இரண்டு மணி நேரத்தை அளக்கவில்லை.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டின் பின்னிருந்த சிற்றூர்கள் பெரும்பாலும் தப்பின. கடல்முகத்து மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. காடு காத்ததா, தொலைவும் மேடும் காத்தனவா என ஆய்வாளர் வாதிடுவர், வாதிடட்டும். அந்தக் கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் குடும்பங்களின் கதை வேறு. நிவாரணக் கணக்கு படகையும் வலையையும் வைத்துப் போடப்பட்டது. படகே இல்லாதவர் பெயர் பல இடங்களில் தொடக்கத்தில் விடுபட்டது. அருகிலேயே பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு இடம் கொடுத்துச் சோறு சமைத்துப் போட்டார்கள். அந்தப் பந்தியில் யாரும் பாவக் கணக்குக் கேட்கவில்லை. நல்ல சமாரியன் உவமையை ஆண்டுதோறும் வாசிக்கும் நமக்கு இதற்கு மேல் விளக்கவுரை வேண்டுமா?

காலத்தின் அறிகுறிகளை நற்செய்தியின் ஒளியில் ஆய்ந்தறிவது திருச்சபையின் கடமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது. ஆய்வதற்கு உழைப்பு வேண்டும். ஊகத்துக்கு நாக்கு போதும். டிசம்பர் 26 தோறும் மெழுகுதிரி ஏந்திக் கடற்கரைக்குச் செல்கிறோம். செல்வது நன்றே. திரும்பி வந்து அன்பியக் கூட்டத்தில் அமரும்போது, நம் பங்கின் எல்லைக்குள் இன்றும் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத குடும்பம் எது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?