தட்டில் பொறித்த இலக்கம்

கடந்த மாதம் எனது மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்கைப் பிடித்தபோதெல்லாம் கைபிடி துடிக்கத் தொடங்கியது. பேட் தேய்ந்திருக்கும், அதை மாற்றினால் போதும் என்ற எண்ணத்துடனேயே யாழ்ப்பாணத்தில் வழமையாகச் செல்லும் கராஜுக்குப் போனேன். அங்கு வேலை செய்யும் இளைஞர் டிஸ்க் தட்டின் இரு புறமும் ஒவ்வொரு காசுக்குற்றியை வைத்து, மொத்தத்தையும் வேணியர் இடுக்கிமானியால் அளந்து, குற்றிகளின் தடிப்பைக் கழித்தார். 3.2 மில்லிமீற்றர் வந்தது. தட்டிலேயே பொறிக்கப்பட்டிருந்த குறைந்தபட்ச தடிப்போ 3.5.

"ஐயா, போன முறை பேட் மாத்தேக்கையே இதையும் மாத்தியிருக்க வேணும்" என்றார்.

காசுக்குற்றி எதற்கு என்று கேட்டேன். தட்டின் வெளிவிளிம்பில் பேட் உரசுவதில்லை. ஆகவே அது தேயாமல் வரம்புபோல் உயர்ந்து நிற்கும். இடுக்கிமானியை நேரே வைத்தால் அந்த வரம்பைத்தான் அளக்கும். தேய்ந்த தட்டும் புதியதுபோலக் கணக்குக் காட்டும்.

குற்றம் என்னுடையதே. 2022 மார்ச்சில் டொலரொன்று 200 ரூபா அளவில் இருந்து, மே மாதத்தில் 360ஐத் தாண்டிய காலத்தில் உதிரிப்பாகங்களின் விலையைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்று பேட்டை மட்டும் மாற்றினேன். பின்னர் நிலைமை சற்றுச் சீரான போதும் அவ்வாறே செய்தேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, மோட்டார் சைக்கிள்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் இருந்ததை வைத்தே ஓடினோம்.

எமக்கு இது பழகிய கலை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் செய்தி சேகரிக்கச் சென்றவன் நான். அன்றைய டிரம் பிரேக்கின் சப்பாத்துக்குப் புதிய லைனிங் ஒட்டி மீண்டும் பூட்டலாம். டிஸ்க் தட்டு அப்படியன்று. அது உராய்வின் வெப்பத்தை உள்வாங்கி வெளிவிட வேண்டிய உலோகம். மெலிந்தால் விரைவில் சூடேறும், நெளியும், வெடிப்பும் காணும். பள்ளம் விழுந்த தட்டில் புதிய பேட்டைப் பூட்டினால், அதன் சமதளமான முகம் மேடுகளை மட்டுமே தொடும். புது பேட் போட்டாயிற்று என்ற தைரியத்தில் வேகமாகச் செல்பவருக்கு, தேவையான கணத்தில் பாதிப் பிடிதான் கிடைக்கும். கடைசல் இயந்திரத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாம் என்று ஆலோசனை சொல்வோரும் உண்டு. ஏற்கெனவே மெலிந்ததை மேலும் மெலிதாக்குவது எவ்வகைத் திருத்தமோ தெரியவில்லை!

அரசின் பங்கையும் சொல்லியாக வேண்டும். வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெறச் செல்லும்போது காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்கிறார்கள். மோட்டார் சைக்கிள் நிற்குமா என்று எவரும் கேட்பதில்லை. பிரித்தானியாவில் வாழும் வாசகர்கள் எம்.ஓ.ரி. பரிசோதனையை அறிவார்கள், மூன்று வருடம் கடந்த மோட்டார் சைக்கிளின் பிரேக்கை அங்கே ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். இங்கு அதைக் கொண்டுவந்தால் மேலும் ஒரு வரிசை, மேலும் ஒரு கட்டணம் என்று மக்கள் முறையிடுவார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் புகையை அளக்கும் அதே இடத்தில் தட்டையும் அளந்து, சான்றிதழில் ஓர் இலக்கத்தை எழுதிக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். தண்டம் விதிக்க வேண்டியதில்லை, உரிமையாளர் அறிந்தாலே போதும் என்பது என் கருத்து.

இளைஞர் புதிய தட்டும் பேட்டும் பூட்டினார். தட்டு அமரும் இடத்துத் துருவைச் சுரண்டினார், தட்டில் பூசியிருந்த காப்பு எண்ணெயைத் துடைத்தார், கைபிடி இறுகும்வரை பலமுறை அழுத்தினார். முதல் சில நூறு கிலோமீற்றருக்குச் சடுதியாகப் பிடிக்க வேண்டாம், இரண்டும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும் என்றும் எச்சரித்தார்.

காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, அங்கு காத்திருந்த ஒருவர் கழற்றிய பழைய தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். தன்னுடையதைவிட இது நல்ல தடிப்பு, தனக்குத் தர முடியுமா என்று கேட்டார்.