அரைநாள் சம்பளத்தோடு ஒரு ரத்தப் பரிசோதனை



திருச்சி - திண்டுக்கல் நெடுஞ்சாலையில் போய்வருகிறவர்களுக்கு அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடிவதற்குள் ஆடுகள் வந்து இறங்கிவிடும். தீபாவளி, பக்ரீத் நெருங்கினால் கால் வைக்க இடமிருக்காது. வெயில் ஏறுவதற்குள் வியாபாரம் முடிந்து வேன்கள் கிளம்பிவிடும். பிறகு அங்கே கிடப்பது புழுக்கையும் மூத்திரமும் மிதிபட்ட தழையும்தான். அதைக் குனிந்து கூட்டி, அள்ளி, வண்டியில் ஏற்றுகிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள்.

உள்ளாட்சி ஊழியர்களின் உடல்நலத்துக்கு ஓர் ஊக்கத்திட்டம் வகுப்பதென்றால், அது இவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் எண்ணம். பொதுவாக இப்படிப்பட்ட திட்டங்கள் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவரை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் நல்ல திட்டம். பில் கலெக்டருக்கும் கணினி இயக்குபவருக்கும் அது தேவையும்கூட. ஆனால் தெருத்தெருவாகத் தள்ளுவண்டியோடு நடப்பவரிடம் போய் இன்னும் நடங்கள் என்று சொல்ல முடியுமா?

பணம் கொடுத்தால் வருவார்களா என்றால், அதுவும் சந்தேகம்தான். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கி ஏறத்தாழ 5,000 ஊழியர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆர்வமாக வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே உடம்பைப் பேணி வந்தவர்கள். மருத்துவச் செலவும் குறிப்பிடும்படி குறையவில்லை. எடை குறைத்தால் பரிசு, சர்க்கரை குறைந்தால் பரிசு என்று நாம் அறிவித்தாலும் அதுதான் நடக்கும். உண்மையில் நோயோடு இருப்பவர் பின்வரிசையில் ஒதுங்கி நிற்பார்.

அவர் ஏன் வருவதில்லை என்பதைப் பாருங்கள். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்கும் நேரத்தில் அவர் கையில் துடைப்பம் இருக்கிறது. இருட்டோடு குடித்த ஒரு டீ வயிற்றில் இருக்கிறது. ஒப்பந்தப் பணியாளராக இருந்தால் அரைநாள் போனால் அரைநாள் சம்பளம் போச்சு. நிரந்தர ஊழியருக்கு மாதம் 300 ரூபாய் பிடித்து 5 லட்சம் வரை கைகொடுக்கும் காப்பீட்டுத் திட்டம் 2021இல் வந்தது. அதுவும் படுக்கையில் விழுந்த பிறகு உதவுவதுதான்.

ஆகவே ஊக்கத்தொகை என்பது பரிசுப் பணமாக இல்லாமல் நேரமாக இருக்கட்டும். பரிசோதனைக்கு வந்த நாளில் அரைநாள் சம்பளத்தோடு விடுப்பு. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தால் மறுபடியும் அதே. ஒப்பந்தக்காரர் பிடித்தம் செய்யக் கூடாது என்பதை டெண்டர் நிபந்தனையிலேயே எழுதிவிடலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுவந்தது. 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' ஆலைகளுக்குள் போனது. காலை வருகைப்பதிவு எடுக்கும் இடத்துக்கு ஒரு செவிலியர் மாதம் ஒருமுறை வருவது அதைவிடக் கடினமல்ல. ரத்தம் கொடுத்து முடித்ததும் சூடாக நாலு இட்லி தர வேண்டும். சென்னையில் தூய்மைப் பணியாளர்களுக்கு 2025 நவம்பரில் இலவச உணவுத் திட்டம் தொடங்கியிருக்கும்போது இதைப் பெரிய செலவு என்று யாரும் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பரிசோதனை முடிவு பணியாளருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். மேற்பார்வையாளர் கைக்கோ ஒப்பந்தக்காரர் கைக்கோ அது போனால், "சீக்காளி, இவரை எதுக்கு வச்சுக்கணும்" என்ற பேச்சு கிளம்பிவிடும். அந்தப் பயம் வந்துவிட்டால் அடுத்த மாதம் யாரும் கையை நீட்ட மாட்டார்கள்.

வாசகர்களில் கவுன்சிலர்கள் இருக்கிறீர்கள், உள்ளாட்சி ஊழியர்கள் இருக்கிறீர்கள், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் பணியாளர்களுக்குக் கடைசியாக எப்போது மருத்துவ முகாம் நடந்தது, எந்த நேரத்தில் நடந்தது, எத்தனை பேரால் வர முடிந்தது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை உங்கள் கடிதங்களுக்கே ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்