வெட்டிய பின் மிஞ்சும் மரம்

அமெரிக்க மரக்கடையில் ‘2×12’ பலகை வாங்குபவர் கைக்கு வருவது 1½ அங்குலத் தடிமனும் 11¼ அங்குல அகலமும் உள்ள பலகை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அறுத்து, காயவைத்து, இழைத்த பிறகு இருக்க வேண்டிய அளவே இதுதான் என்று அந்நாட்டுத் தரநிலை சொல்கிறது. அதேபோல் ‘2×10’ பலகையின் அகலம் 9¼ அங்குலம்.

வேலி போடவோ அலமாரி அடிக்கவோ இந்தக் குறைவு பொருட்டல்ல. படிக்கட்டில் பொருட்டு.

அங்கே பெரும்பாலான வீடுகள் மரத்தால் ஆனவை. பின்கட்டில் உயரமான மரத்தளம் போட்டு, அதிலிருந்து தோட்டத்துக்கு இறங்கப் படி வைப்பார்கள். அந்தப் படிகளைத் தாங்கும் சாய்வுப் பலகைக்கு ‘ஸ்டிரிங்கர்’ என்று பெயர். அதை ரம்பப் பல் மாதிரி வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் ஒரு படிப்பலகையைப் பொருத்துகிறார்கள். எடையைச் சுமப்பது முழுப் பலகை அல்ல. வெட்டுக்குக் கீழே மிஞ்சும் பட்டைதான்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பல மாநிலங்கள் அடிப்படையாகக் கொள்ளும் குடியிருப்புக் கட்டட விதிப்படி, படியின் உயரம் 7¾ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கால் வைக்கும் அகலம் 10 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இந்த அளவில் வெட்டினால் பலகையில் சுமார் 6⅛ அங்குலம் போய்விடும். 2×12 பலகையில் 5 அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாக மிஞ்சும். அமெரிக்க மர மன்றத்தின் மரத்தள வழிகாட்டி கேட்கும் குறைந்தபட்சமே 5 அங்குலம்தான். 2×10 பலகையிலோ 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். மரம் வளையாமல் நிற்கும் திறன் அதன் ஆழத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே எடைக்கு அந்தச் சின்னப் பலகை நான்கு மடங்குக்கும் மேல் வளையும். விலையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க இதை வாங்குவது சிக்கனமே அல்ல. ஏறி இறங்குவது குழந்தைகளும் வயதானவர்களும்!

பெரிய பலகை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. வட்ட ரம்பம் மூலையைத் தாண்டி ஓடினால், மிஞ்சிய 5 அங்குலத்திலும் ஒரு கீறல் விழுந்து அங்கிருந்தே விரிசல் தொடங்கும். அதனால் நல்ல தச்சர் மூலைக்குச் சற்று முன்பே இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மீதியைக் கைரம்பத்தால் அறுப்பார். வெட்டு முனை வரும் இடத்தில் கணு இருக்கிறதா என்றும் முதலிலேயே பார்ப்பார்.

நீளமான படிக்கட்டு என்றால் வெட்டாத பலகையே மேல். வெட்டிய ஸ்டிரிங்கர் கிடைமட்டமாக 6 அடி வரை தாங்கலின்றிப் போகலாம் என்கிறது அந்த வழிகாட்டி. படிகளை இரு முழுப் பலகைகளுக்கு நடுவே கோணத் தகடுகளில் பொருத்தினால் அதே மரம் 13 அடி 3 அங்குலம் வரை போகும். தோற்றத்தில் சற்றுக் கனமாகத் தெரியும். ஆனால் பலத்தில் ஒப்பே இல்லை. வெட்டிய வகைதான் வேண்டும் என்பவர்கள் ஸ்டிரிங்கர்களுக்கு நடுவே 18 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. 3 அடி அகலப் படிக்கு மூன்று ஸ்டிரிங்கர் தேவை. வீடு வாங்க வருபவர்கள் கைப்பிடியின் பளபளப்பைப் பார்த்துவிட்டு நகராமல், குனிந்து படியின் அடிப்பக்கத்தில் ஒரு அளவு நாடாவை வைத்துப் பார்க்க வேண்டும்.