மிஞ்சும் நேரத்தில் செய்ய ஒரு வேலையா?

வீட்டிலிருந்தே சம்பாதிக்க விரும்புவோருக்கு, குறிப்பாகத் திருமணமான பெண்களுக்கு, வார இதழ்களும் யூடியூப் காணொளிகளும் உறவினர்களும் ஒரே அறிவுரையைத்தான் வழங்கி வருகின்றனர்: எதில் ஆர்வம், எதில் திறமை என்று கண்டறிந்து அதற்கேற்ற வேலையைத் தேடிக்கொண்டால், வீட்டு வேலை போக மிஞ்சும் நேரத்தில் அதைச் செய்துவிடலாம் என்பதே அது. இந்நம்பிக்கையின் முற்பாதி அரைகுறையானது. பிற்பாதியோ முழுப் பொய், அதுவும் பெண்களின் உடலை வருத்தி நிலைநிறுத்தப்படுகிற பொய்.

ஒரு நாளின் 24 மணி நேரம் எவ்வெவற்றுக்குச் செலவாகிறது என்று அரை மணிக்கு அரை மணி பதிவுசெய்யும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்தியபோது, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவது தெரியவந்தது. குழந்தைகளையும் முதியோரையும் பராமரிக்கும் நேரம் இதில் சேராது. இந்த ஐந்து மணி நேரமும் ஒரே மூச்சில் முடிந்துவிடுவதில்லை என்பதுதான் இன்னும் முக்கியமானது. குழாயில் தண்ணீர் வரும் வேளை, பள்ளி வேன் வரும் வேளை, மாமியாருக்கு மாத்திரை கொடுக்கும் வேளை என்று அது நாள் முழுதும் சிதறிக் கிடப்பதால், இடையில் கிடைப்பவையெல்லாம் இருபது நிமிடம், நாற்பது நிமிடம் என்ற துண்டுகளே. ஆகவே ஒரு வேலை ஒருவருக்குப் பொருந்துமா என்பதை முடிவுசெய்வது அவருடைய ஆர்வத்தைவிட, அந்த வேலை இடைநிறுத்தத்தைத் தாங்குமா என்பதே. தைத்துக்கொண்டிருக்கும் துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோகலாம். தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர், எவ்வளவு இனிமையாகப் பேசத் தெரிந்தவராயினும், குக்கர் விசில் அடிக்கும்போது எழ முடியாது.

வீட்டிலிருந்து வேலை பார்த்தால் உற்பத்தி கூடும் என்பதற்குச் சான்றாக, சீனப் பயண நிறுவனமான சீட்ரிப்பின் ஷாங்காய் அழைப்பு மையத்தில் பொருளியலறிஞர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய கூட்டாளிகளும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி காட்டப்படுகிறது. வீட்டிலிருந்து பணியாற்றியோரின் செயல்திறன் 13 விழுக்காடு உயர்ந்தது உண்மைதான். ஆனால் தாமாக முன்வந்தவர்களிலும், வீட்டில் தனி அறையும் அகன்ற அலைவரிசை இணைய இணைப்பும் உள்ளவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள் என்பதை அதைக் காட்டுவோர் சொல்வதில்லை. ஒன்பது மாதங்களுக்குப் பின், விரும்பியதைத் தேர்ந்துகொள்ளலாம் என்றதும், வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்பினர். பலரும் சொன்ன காரணம் தனிமை. வீட்டிலிருந்து பணியாற்றுவதுதான் தமக்கு ஏற்றது என்று நம்பி வந்தவர்களின் கணிப்பே இப்படித் தவறியிருக்கும்போது, சில மாதம் செய்து பார்க்குமுன் தன் இயல்பை நம்பி, இருக்கும் வேலையை ஒருவர் விட்டுவிடுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

ஆர்வத்தைப் பற்றிய பேச்சு மறைத்துவிடும் மற்றொன்று, செலவையும் நட்டத்தையும் யார் சுமப்பது என்பது. இதைத் தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள் பல தலைமுறைகளாக அறிவார்கள். பீடிக் கடையில் எடைபோட்டுத் தரப்படும் இலையையும் தூளையும் வாங்கிவந்து, இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, மடியில் தட்டை வைத்துச் சுற்றி, நூல் கட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக்குக் கூலி பெறும் துண்டுக்கூலி முறை அவர்களுடையது. தந்த இலை போதாவிட்டால் கைக்காசில் வாங்கி ஈடுகட்டுவதும், சுற்றியதில் ஒரு பகுதி தரமில்லை என்று கழிக்கப்படுவதும் அங்கே பழகிப்போன குறைகள். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் மூலப்பொருள் வழங்கல், கழிக்கப்பட்ட பீடி, அதற்கான கூலி ஆகிய மூன்றையும் பெயர் சொல்லித் தாவாக்களாகக் குறிப்பிட்டிருந்தது என்றால், அவை எவ்வளவு பரவலாக இருந்திருக்க வேண்டும்! விரல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இந்த இழப்பைத் தடுக்காது. 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பள நிறுவனத்திலும் மாவை வாங்கிப்போய் வீட்டில் தேய்க்கும் கைவேலைதான். ஆனால் தேய்ப்பவர்களே உறுப்பினராகவும் லாபத்தில் பங்குடையவராகவும் இருப்பதால் அதன் தன்மையே வேறு.

வீட்டில் பணிபுரிவோருக்கும் மற்ற தொழிலாளருக்கும் சமநிலை வேண்டுமென்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றிய 177ஆம் உடன்படிக்கைக்கு இந்தியா இன்னும் ஏற்பளிக்கவில்லை. இந்நிலையில், பிழை இருக்கிறதென்று பக்கம் பக்கமாகத் தள்ளிவிட்டுக் கூலி மறுக்கும் தட்டச்சு ஒப்பந்தமும் பீடிக் கழிவும் ஒரே ஏற்பாடுதான் என்பதை, கணினிமுன் அமர விரும்புவோர் கையெழுத்திடுமுன் எண்ணிப்பார்க்க வேண்டும்.

பதிவுக் கட்டணம் கட்டினால் வேலை தருகிறோம் என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வலைவீசும் மோசடிக்காரர்கள், தினம் இரண்டு மணி நேரம் போதும், சமையலை முடித்துவிட்டுச் செய்யலாம் என்றுதான் தொடங்குகிறார்கள். நல்லெண்ணத்தோடு அறிவுரை கூறும் உறவினரின் சொற்களும் அவையே என்பதால்தான் அந்த அழைப்பு ஐயமின்றி ஏற்கப்படுகிறது. பணம் போன பிறகு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைப்பவர்களும் தம் அறியாமையையே நொந்துகொள்கிறார்கள், தம் நேரத்தை மிச்சமென்று மதிப்பிட்டுச் சொன்னவர்களை அல்ல.