கருவாடு தெருவையே கூப்பிடும்

பொங்கலுக்கு அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். தாளடி கதிர் வாங்குற நேரம். திண்ணையில் உட்கார்ந்து எலிக் கிட்டிகளுக்குக் கயிறு மாத்திக்கிட்டு இருந்தேன். மூங்கிலை வில்லா வளைச்சுக் கட்டுற நம்ம தஞ்சாவூர் கிட்டிதான். ஒண்ணைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துட்டு முகத்தைச் சுளிச்சான்.

"என்ன மாமா இது, கழுத்தை நெரிச்சுக் கொல்றதா? பாவம் இல்லையா?"

"உங்க அபார்ட்மென்ட்ல எலியே கிடையாதாடா?"

"இருந்துச்சு. அசோசியேஷன்ல சொன்னோம். ஆள் வந்து சுவரோரமா கறுப்பு டப்பா வச்சிட்டுப் போனாங்க. இப்ப இல்ல மாமா."

டப்பாவுக்குள் என்ன இருக்குன்னு கேட்டேன். தெரியலை. அதுதான் எனக்கு ஆத்திரம். கண்ணுக்குத் தெரிஞ்சு சாகிற எலி பாவம், டப்பாவுக்குள் போய்ட்டு வந்து எங்கேயோ சாகிற எலி சுத்தம்! அந்த டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது ரத்தத்தை உறைய விடாத மருந்து கலந்த கேக். தின்ன எலி அன்னைக்கே சாகாது. உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிஞ்சு, நாலைஞ்சு நாள் தள்ளாடிச் சாகும். இன்னும் சில வீடுகளில் பசை தடவின அட்டை. அதில் ஒட்டிக்கிட்ட எலி விடிய விடியக் கத்தும். பசை அட்டை வேண்டாம்னு விலங்கு நல வாரியமே சொல்லியிருக்கு. ஆனாலும் கொலைகாரன் நான், ஏன்னா என் கையில் மூங்கில் இருக்கு.

கிட்டி வைக்கிறதுன்னா கயிற்றை இழுத்துக் கட்டுறது மட்டும்னு நினைக்காதீங்க. பாதி வேலை அடுப்பில்தான். புழுங்கல் அரிசியை மண்சட்டியில் எண்ணெய் விடாமல் பொன்னிறமா வறுக்கணும். கருகினா எலி தொடாது. ஒரு கைப்பிடி நிலக்கடலையைத் தோலோடு வறுத்து, அம்மியில் ஒன்றிரண்டாத் தட்டிச் சேர்க்கணும். இரண்டு சொட்டு நல்லெண்ணெய், சிக்கு வாடை அடிக்காத எண்ணெய். சூடு முழுசா ஆறுறதுக்குள்ள மூடி போட்ட டப்பாவில் அடைச்சுடணும், மணம் வெளியே போயிடக் கூடாது. பனியில் நனைஞ்ச இரைக்கு மணம் இல்லை, அதனால தினம் சாயங்காலம் புதுசு.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு இரையைத் தொடக் கூடாது. வயல் சேற்றையே கையில் தேய்ச்சுக்குவோம். எலி விழுந்த கிட்டியையும் சோப்புப் போட்டுத் தேய்க்க மாட்டோம், எலி வாடை இருந்தாத்தான் இன்னொரு எலி தைரியமா வரும். முதல் இரண்டு ராத்திரி கயிறு பூட்டாம இரையை மட்டும் வச்சு விருந்து போடணும். புதுசா ஒரு பொருளைப் பார்த்தா ஒதுங்கிப் போற ஜென்மம் அது. ஒரு எலி என்ன தின்னதுன்னு இன்னொரு எலி அதன் மூச்சை மோந்து தெரிஞ்சுக்கும், அதுக்கப்புறம் அதே தீனியைத் தேடி வரும். ஆராய்ச்சி பண்ணினவங்களும் இதைத்தான் சொல்றாங்க. விருந்து நல்லா இருந்துச்சுன்னா சேதி வளைக்கு வளை போயிடும். மூணாம் நாள் பூட்டுவோம்.

இதெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்க ஊரில் கிட்டி போட்ட ஒரு பெரியவர். சின்ன வயசில் ஒரு நாள், சுட்ட நெத்திலிக் கருவாட்டைப் பொடிச்சுக் கலந்தா இன்னும் மணக்குமேன்னு கேட்டேன். "வீட்டுப் பரணுக்கு வை. வயலுக்கு வேண்டாம் தம்பி. கருவாடு தெருவையே கூப்பிடும், வறுத்த அரிசி எலியைத்தான் கூப்பிடும்"னார். நாய், பூனை, நரி, மரநாய் எல்லாத்துக்கும் கருவாடு பிடிக்கும். பகலில் கிட்டி பூட்டியிருந்தா அணிலும் குருவியும் மாட்டும். அதனால இருட்டின பிறகு வச்சு, விடியறதுக்கு முன்னாடி எடுத்துடுவார். கீரி பகலில் திரியுற பிராணி, அதுவும் தப்பிச்சுது. யாரைக் கூப்பிடுறோம்ங்கிறது இரையிலயும் நேரத்துலயும் இருக்கு.

அந்தப் பேச்சை நான் ஒரு வருஷம் மறந்தேன். பெரியவர் இல்லை, கிட்டிக்கு ஆள் கிடைக்கலை, எலி வரப்பைச் சல்லடை ஆக்கியிருந்தது. கடையில் சிங்க் பாஸ்பைடு வாங்கி வந்தேன். எலி தொடாம போயிடுமோங்கிற பயத்தில் என் கெட்டிக்காரத்தனத்தையும் காட்டினேன்: கருவாட்டுப் பொடி கலந்தேன். நல்லா மணத்துச்சு. மறுநாள் காலையில் எங்க கறுப்பன் வாய்க்கால் கரையில் கிடந்தான். எட்டு வருஷம் என் பின்னாலேயே வயலுக்கு வந்த நாய். எலியில் பிழைச்சதுங்க அதுக்கப்புறம் அந்த இரைப் பக்கமே வரலை. ஒரு தடவை வயிறு கலங்கின எலி அந்த மருந்தை மறுபடி நம்பாது. கறுப்பனுக்குத்தான் அந்த வாய்ப்பு கிடைக்கலை.

எங்க ஆட்கள் மேலயும் தப்பு இருக்கு. கூகை கத்தினா சாவு வரும்னு கல்லெடுத்து அடிக்கிறோம். அது பாட்டுக்கு ராத்திரியெல்லாம் எலி பிடிக்கிற பறவை. வயலில் குச்சி நட்டு வச்சா அதில் உட்கார்ந்து வேலை பார்க்கும், கூலி கேட்காது. தள்ளாடுற எலி அதுக்குச் சுலபமான இரை, உங்க கறுப்பு டப்பாவிலிருந்து வந்த எலியா இருந்தாலும். எலி வயிற்றில் இருக்கிற மருந்து அது வயிற்றுக்கும் போகும்.

கீரி கதை இன்னும் மோசம். எங்க எலிக்கும் பாம்புக்கும் எமன் அது. அதை முடிக்காகப் பிடிக்கிறாங்க, ஓவியம் வரையற பிரஷ் செய்ய. ஒரு கிலோ முடிக்கு நாற்பது ஐம்பது கீரி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019-ல் வனக்குற்றத் தடுப்புப் பிரிவு உத்தரப்பிரதேசத்து ஷேர்கோட்டிலும் வேறு மாநிலங்களிலும் சோதனை போட்டு முடியும் பிரஷ்ஷுமாப் பிடிச்சது. கிட்டியைப் பார்த்து முகம் சுளிச்ச மருமகன் வீட்டில் பொண்ணு ஓவிய வகுப்புக்குப் போகுது. பிரஷ் எதில் செஞ்சதுன்னு கேட்டியான்னேன். அதுவும் தெரியலை. நைலான் பிரஷ் கிடைக்குது, கேட்டு வாங்குங்க.

எலியைக் கொல்லாம நெல் விளையாது. கதிர் பொதியில் இருக்கும்போதே அடித்தண்டைக் கடிச்சுச் சாய்ச்சுடும், தின்னது போக வளைக்குள் இழுத்துச் சேர்த்து வைக்கும். அப்படியே விட்டா அறுக்க ஒண்ணும் இருக்காது. கொல்றதா வேண்டாமான்னு என்கிட்ட கேட்காதீங்க. எதை வச்சுக் கொல்றேன்னு கேளுங்க. மருந்துப் பாக்கெட் மலிவு, கூப்பிட்டா கடைக்காரரே கொண்டு வந்து கொடுப்பார். கிட்டிக்கு ஆள் கூலி, மூங்கில், அடுப்பு, விடிகாலை எழும்பறது எல்லாம் இருக்கு. அரிசி வாங்கும்போது ரசாயன உரம் போட்டீங்களான்னு நாலு தடவை கேட்கிறீங்க. எலிக்கு என்ன வச்சீங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்லை. கேட்டா, கிட்டிக் கூலியையும் விலையில் சேர்த்துச் சொல்வேன், பேரம் பேசாதீங்க.

மருமகன் அன்னைக்கு ராத்திரி டார்ச் பிடிச்சுக்கிட்டு கூட வந்தான். விடிகாலையில் எடுக்கப் போனப்போ பதினாலு எலி. எண்ணிக் குழியில் போட்டு மூடினோம். ஊருக்குத் திரும்பினதும் அசோசியேஷனில் அந்த டப்பாவைப் பத்திக் கேட்கிறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். மாசம் ஒண்ணாச்சு, இன்னும் போன் வரலை.